எங்க வீட்டு மாப்பிள்ளை: திருமணப் போட்டி நிகழ்ச்சி குறித்த ஒரு மதிப்பீடு

எங்க வீட்டு மாப்பிள்ளை 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ரியாலிட்டி ஷோ. திரைப்பட நடிகர் ஆர்யா தமக்கு மணப்பெண் தேடுவதாக அறிவித்து இதில் பங்கேற்றார். நடிகை சங்கீதா தொகுத்து வழங்கினார். 16 பெண்கள் போட்டியிட்டனர். ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் வெளியேற்றப்பட, மூவர் இறுதிச் சுற்றுக்கு வந்தனர். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவரும் வருந்துவார்கள், தமக்கு இன்னும் காலம் வேண்டும் என்று கூறி, இறுதி நாளில் ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 2019 மார்ச்சில் அவர் தம்முடன் 'கஜினிகாந்த்' படத்தில் நடித்த சாயிஷாவை மணந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பலர் ஆவலோடு பார்த்தனர். பார்த்தவர்களே குறையும் சொன்னார்கள். திருமணத்தைப் போட்டியாகக் காட்டுவது ஏன் பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் அது பார்வையாளரை ஏமாற்றுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமணப் போட்டி தமிழருக்குப் புதிதன்று. இலக்கியத்திலும் கூத்திலும் கதைப்பாடலிலும் அது உண்டு. குறிப்பாகச் செஞ்சி வட்டாரத்தில் இம்மூன்று மரபுகளும் அருகருகே உள்ளன. அவற்றோடு ஒப்பிடும்போது தொலைக்காட்சி வடிவத்தின் நிறையும் குறையும் தெளிவாகின்றன.

முன்னோடிகள்

இவ்வகை நிகழ்ச்சியின் நேரடி முன்னோடி, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2002-இல் தொடங்கிய 'தி பேச்சலர்'. ஓர் ஆண், பல பெண்கள், வாராவாரம் வெளியேற்றம், இறுதியில் ஒருத்தி என்பது அதன் அமைப்பு. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒரு கோடீசுவரர் மேடையிலேயே மணப்பெண்ணைத் தேர்ந்து மணம் முடிக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அந்தத் திருமணம் விரைவிலேயே சட்டப்படி நீக்கப்பட்டது.

இந்தியாவில் 2009-இல் என்டிடிவி இமேஜின் அலைவரிசையில் நடிகை ராக்கி சாவந்த் மணமகன் தேடும் 'ராக்கி கா சுயம்வர்' வந்தது. அவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். நிச்சயதார்த்தத்தோடு அது நின்றுபோனது. 2010-இல் அதே அலைவரிசையில் ராகுல் மகாஜன் மணப்பெண் தேடிய நிகழ்ச்சி திருமணம் வரை சென்றது. அத்திருமணம் பின்னாளில் மணமுறிவில் முடிந்தது.

பிரிட்டனில் 2009-இல் தொடங்கிய 'ஃபோர் வெடிங்ஸ்' சற்று வேறு வகை. நான்கு மணப்பெண்கள் ஒருவர் திருமணத்துக்கு மற்றவர் விருந்தினராகச் சென்று, உடை, இடம், உணவு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடுவர். வென்றவருக்குத் தேனிலவுப் பயணம் பரிசு. இதில் மணமகன் யார் என்பது முன்பே முடிவான செய்தி. திருமணச் செலவும் ஏற்பாடும்தான் போட்டிக்கு உரியவை. 'இலையில் என்ன போட்டார்கள், மண்டபம் எப்படி' என்று பேசிக்கொண்டே திரும்பும் நம்மூர் விருந்தினருக்கு மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்தது போன்றது அது.

தமிழில் இவற்றுக்கு முன்பே 'கல்யாணமாலை' இருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் சன் தொலைக்காட்சியில் வந்த அந்நிகழ்ச்சியில் வரன் தேடுவோர் தம் படிப்பு, வேலை, குடும்பம், எதிர்பார்ப்பு ஆகியவற்றை நேரில் வந்து சொல்வர். அதில் போட்டி இல்லை. வெளியேற்றமும் இல்லை. வரன் அமைந்தால் குடும்பங்கள் பேசிக்கொள்ளும். பார்வையாளருக்கு அங்கே விறுவிறுப்பு குறைவு. ஆனால் வந்தவர் யாரும் தோற்றுப்போய்த் திரும்புவதில்லை.

பார்க்கத் தூண்டுவது எது

இந்நிகழ்ச்சியைப் பார்த்தவர்களை வம்பு விரும்பிகள் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. அதில் சில உண்மையான இன்பங்கள் இருந்தன.

முதலாவது, பெண்களின் பேச்சு. வழக்கமான பெண் பார்க்கும் சடங்கில் பெண் தட்டில் காபியோ பலகாரமோ கொண்டுவந்து, நமஸ்கரித்து, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லி உள்ளே போய்விடுவாள். பேச்சு பெரியவர்களுடையது. இங்கோ பெண்கள் தாங்களே வாய் திறந்து பேசினார்கள். தம் ஊரைப் பற்றி, வேலையைப் பற்றி, முன்பு பட்ட காயத்தைப் பற்றிச் சொன்னார்கள். மணமுறிவும் மறுமணமும் தயக்கமின்றிப் பேசப்பட்டன. தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் அழுகையோடும் சாபத்தோடும்தான் வரும். இங்கே அவை சாதாரணக் குரலில் வந்தன. இது சிறிய செய்தியன்று.

இரண்டாவது, ஊகிக்கும் இன்பம். வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு மருமகள். பாட்டிக்கு அடக்கமான பெண் பிடிக்கும். பேத்திக்குத் துடுக்கான பெண் பிடிக்கும். யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று சொல்லும்போது அவரவர் மனத்தில் உள்ள மருமகள் இலக்கணம் வெளிப்பட்டுவிடுகிறது. சாதி, நிறம், படிப்பு, சமையல் குறித்துப் பல வீடுகளில் நேரடியாகப் பேச முடியாதவற்றை இந்நிகழ்ச்சியைச் சாக்கிட்டுப் பேச முடிந்தது. விஜய் தொலைக்காட்சியில் 2006 முதல் வரும் 'நீயா நானா' விவாதமாகச் செய்ததை, இது வீட்டுக் கூடத்தில் தானாக நடக்கச் செய்தது.

மூன்றாவது, போட்டியாளர்களுக்குள் வளர்ந்த தோழமை. ஒரே இடத்தில் தங்கியவர்கள் போட்டியை மறந்து ஒருவருக்கொருவர் தலை வாரிவிடுவதும், வெளியேறுகிறவரைக் கட்டிக்கொண்டு அழுவதும் திரைக்கதையால் மட்டும் வந்துவிடுபவை அல்ல. பல பார்வையாளர்கள் மாப்பிள்ளையைவிட இந்தத் தோழிகளுக்காகவே பார்த்தார்கள் என்றால் மிகையாகாது.

ஏமாற்றம் எங்கே

பலரும் சொன்ன குறை, முடிவில் திருமணம் நடக்கவில்லை என்பது. ஆனால் அதை மட்டும் குறையாகச் சொன்னால் நிகழ்ச்சியின் அடிப்படைக் கோளாறு மறைந்துவிடும். ஆர்யா அன்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அக்கோளாறு இருந்திருக்கும்.

போட்டி என்றால் எதில் போட்டி என்பது தெரிய வேண்டும். பாட்டுப் போட்டியில் ஒருவர் வெளியேறினால், சுருதி விலகியது, தாளம் தப்பியது என்று காரணம் சொல்லலாம். கேட்பவரும் அதைச் சரிபார்க்கலாம். தோற்றவர் அடுத்த ஆண்டு பயிற்சி செய்து வரலாம். 'எங்க வீட்டு மாப்பிள்ளை'யில் அளவுகோல் ஒருவருடைய விருப்பம். விருப்பத்துக்குக் காரணம் கேட்க முடியாது; கேட்கவும் கூடாது. வாழ்க்கையில் அது இயல்பானது. ஆனால் அதே விருப்பத்தை மேடையில் வைத்து, சுற்று என்றும் வெளியேற்றம் என்றும் பெயரிட்டால், விரும்பப்படாமை ஒரு தோல்வியாக மாறிவிடுகிறது. வெளியேறிய பெண் எதில் குறைந்தாள் என்று ஊரே காரணம் தேடத் தொடங்குகிறது. அவள் நிறம், நடை, பேச்சு, வயது எல்லாம் அந்தத் தேடலுக்கு உள்ளாகின்றன.

இரண்டாவது கோளாறு, இரு பக்கத்துக்கும் கட்டுப்பாடு சமமாக இல்லை. பெண்கள் தம் குடும்பத்தையும் கடந்த காலத்தையும் திரையில் வைத்தார்கள். இறுதிக்கட்டத்தில் மாப்பிள்ளை அவர்களுடைய குடும்பங்களைச் சந்தித்தார். உறவினர் கூடி வரவேற்று, சாப்பாடு போட்டு, மாப்பிள்ளை என்று அழைத்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஊரில் ஒரு நிலைமை ஏற்பட்டுவிடுகிறது. நம் வழக்கத்தில் 'பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பதில் சொல்லவில்லை' என்பதே ஒரு வீட்டுக்குப் பெரிய மனச்சுமை. அதை மாநிலம் முழுவதும் பார்த்தது. மாப்பிள்ளைக்கோ, தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைசிவரை இல்லை.

முதல் நாள் முதல் திருமணம் என்று சொல்லியே நிகழ்ச்சி விளம்பரப்படுத்தப்பட்டது. திருமணம் கட்டாயமில்லை என்பது முதல் நாளே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் அதுவே நேர்மை. அப்போது பார்வையாளர் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். குறையுமே என்ற அச்சம்தான் இவ்வகை நிகழ்ச்சிகளின் வாக்குறுதியை வடிவமைக்கிறது.

மணநூல் காட்டும் போட்டி

செஞ்சிக்கு அருகே, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்த ஊர். ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் இங்கு உள்ளன. தமிழ்ச் சமணர் தமிழுக்குத் தந்த பெருங்காப்பியம் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி. சீவகன் எட்டுப் பெண்களை மணப்பதால் அதற்கு மணநூல் என்றும் பெயர். 13 இலம்பகங்கள் கொண்ட இந்நூலை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். திருமணப் போட்டி பற்றிப் பேசுவோர் இந்நூலைத் தவிர்க்க முடியாது.

அதில் காந்தருவதத்தையின் திருமணம் ஒரு யாழ்ப் போட்டி. வித்தியாதர அரசன் கலுழவேகனின் மகளான அவளை வணிகன் சீதத்தன் இராசமாபுரத்துக்கு அழைத்து வருகிறான். யாழிசையில் அவளை வெல்பவனுக்கே அவள் மாலையிடுவாள் என்று அறிவிக்கப்படுகிறது. பலர் தோற்கிறார்கள். சீவகன் தன்னிடம் தரப்பட்ட யாழ்களை முதலில் சோதிக்கிறான். நீரில் கிடந்து அழுகிய மரம், இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றின் குற்றத்தையும் எடுத்துச் சொல்லி விலக்கி, குற்றமற்ற யாழைக் கேட்டு வாங்கியே இசைக்கிறான். அவன் வென்றதை முதலில் உணர்பவள் காந்தருவதத்தைதான்.

இப்போட்டியில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்தது. கருவி குற்றமற்றதா என்று சோதிக்க இடம் இருந்தது. சோதிக்கப்பட்டவர்கள் ஆண்கள், சோதனையின் ஒரு தரப்பாகப் பெண்ணே இருந்தாள். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இம்மூன்றும் தலைகீழாக உள்ளன. அளவுகோல் மறைவு. கருவி என்பது படத்தொகுப்பு. அதன் குற்றத்தைப் போட்டியாளர் சோதிக்க முடியாது. சோதிக்கப்பட்டவர்கள் பெண்கள்.

பழைய நூலில் எல்லாம் செம்மை என்று கூறுவதும் பொருந்தாது. அதே சிந்தாமணியில் இலக்கணையின் திருமணத்துக்குச் சுழலும் பன்றிப் பொறியை எய்ய வேண்டும் என்ற போட்டியை வைப்பவன் தந்தை. அங்கே பெண் வெற்றிப் பொருள். கலித்தொகையின் முல்லைக்கலியில் வரும் ஏறு தழுவலிலும் காளையை அடக்கியவனுக்குப் பெண்ணைத் தருவது சுற்றத்தார் முடிவு. ஆனால் அங்கும் விதி வெளிப்படையானது. அறிவித்தபடி மணம் முடித்துத் தரப்படும். சொன்ன சொல் மாறாமை அப்போட்டிகளின் உயிர்.

சிந்தாமணியின் முடிவும் நினைக்கத்தக்கது. மணநூல் என்று பெயர் பெற்ற அந்நூல் முத்தி இலம்பகத்தில் துறவோடு நிறைவுறுகிறது. திருமணத்தின் இன்பம் முழுதும் சொன்ன பிறகே திருத்தக்கதேவர் அதைக் கடந்து செல்கிறார். தொலைக்காட்சியின் மணநூலோ திருமணத்தின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. மணமான பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

கூத்துமேடையும் கட்டியங்காரனும்

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்நிலம். செஞ்சிக்கு அருகே உள்ள மேலச்சேரித் திரௌபதி கோயிலை ஆதிக்கோயிலாக வழிபடுவோர் கருதுகின்றனர். இவ்வட்டார ஊர்களில் கோடையில் பாரத விழா நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். அதில் ஓர் இரவு வில் வளைப்பு, அதாவது திரௌபதி திருமணம். அரசர்கள் ஒவ்வொருவராக வந்து வில்லிடம் தோற்க, அருச்சுனன் குறியை எய்து வெல்வான். சிறுவர் முதல் முதியவர் வரை விடிய விடியக் கண் விழித்துப் பார்க்கும் திருமணப் போட்டி அது.

முடிவு முன்பே தெரிந்த கதையை ஆண்டுதோறும் ஏன் பார்க்கிறார்கள்? யார் வெல்வார் என்ற கேள்விக்காக யாரும் அங்கு உட்காருவதில்லை. வந்து தோற்கும் அரசனின் வீறாப்பு, அவன் அடவு, வில்லைத் தூக்க முடியாமல் விழும் வேடிக்கை ஆகியவற்றுக்காகப் பார்க்கிறார்கள். சிரிப்பு அங்கே அரசர்கள் மீது விழுகிறது. மணப்பெண்ணோ தெய்வம். அவள்மீது ஏளனம் விழ இடமில்லை.

கூத்தில் இன்னொருவரும் உண்டு: கட்டியங்காரன். சிந்தாமணியில் சீவகனின் தந்தையை வஞ்சித்து அரசைக் கவர்ந்தவனுக்கும் இதே பெயர். இருவருக்கும் தொடர்பு வேறொன்றும் இல்லை. கூத்தின் கட்டியங்காரன் அரசனை அறிமுகப்படுத்துவான். உடனே அவனைக் கேலியும் செய்வான். மேடைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று, ஊர் கேட்க நினைப்பதை அரசனிடம் கேட்டுவிடுவான். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த இடம் தொகுப்பாளருக்கு உரியது. ஆனால் தொகுப்பாளர் நிகழ்ச்சியின் ஆள். 'மாப்பிள்ளை, உண்மையாகவே கல்யாணம் பண்ணப் போகிறீரா?' என்று ஊரின் சார்பில் அழுத்திக் கேட்கும் குரல் அங்கு இல்லை.

அந்த வெற்றிடத்தைச் சமூக ஊடகங்களின் மீம்கள் நிரப்பின. அவற்றில் சில மாப்பிள்ளையைக் கேலி செய்தன. பல, பெண்களைக் கேலி செய்தன. கட்டியங்காரனின் கேலி அரங்கில் நிற்கும் அரசனைக் குத்தி, விடியும்போது முடிந்துவிடும். இணையத்தில் ஒரு பெண்ணின் முகத்தோடு ஒட்டிய கேலி விடிந்தாலும் முடிவதில்லை.

தேசிங்கு கதையின் திருமணம்

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது தேசிங்குராஜன். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இளம் வயதில் இறந்தவன். அவனைப் பற்றிய கதைப்பாடலிலும் திருமணப் போட்டி உண்டு. தில்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்குகிறான். அதன் பயனாக ராணிபாயை மணக்கிறான். அவனுடைய தோழன் மகமத்கானோ தன் திருமணத்தை விட்டு எழுந்து போர்க்களத்துக்கு வந்து நண்பனுக்காக உயிர் விடுகிறான்.

இக்கதையை இன்றும் மக்கள் நினைப்பதற்குக் காரணம் குதிரைப் போட்டி மட்டுமன்று. சொல்லுக்கும் நட்புக்கும் கொடுத்த விலை அதில் உள்ளது. திருமணத்தை விட்டு எழுந்தவன் அதற்கு ஈடாகத் தன் உயிரையே வைத்தான். தொலைக்காட்சி மாப்பிள்ளை இறுதி நாளில் மூவரையும் விட்டு எழுந்தபோது அவர் வைத்தது எதுவும் இல்லை. பார்வையாளருக்கு உண்டான கசப்பின் வேர் இங்கேதான் உள்ளது. முடிவெடுக்க முடியாமை மனித இயல்பு, அதை மன்னிக்கலாம். ஆனால் முடிவின் விலை முழுவதையும் ஒரு தரப்பே செலுத்தும்படி அமைந்த மேடையை மன்னிப்பது கடினம்.

தோற்றவர்கள்

இந்நிகழ்ச்சியால் பெண்கள் பாதிக்கப்பட்டார்கள் என்று மட்டும் எழுதிவிட்டால் அதுவும் முழு உண்மையாகாது. அவர்கள் வயது வந்தவர்கள், விரும்பி வந்தவர்கள். போட்டியில் பங்கேற்ற அபர்ணதி பின்னர் 'தேன்' (2021), வசந்தபாலன் இயக்கிய 'ஜெயில்' (2021) ஆகிய படங்களில் கதாநாயகியாக நடித்தார். 'தேன்' படத்தில் மலைவாழ் பெண்ணாக அவர் நடிப்பைப் பார்த்தவர்கள், மருமகள் தேர்வில் அவரை வைத்துத் தாம் சொன்ன தீர்ப்பு எவ்வளவு மேம்போக்கானது என்று உணர்ந்திருப்பார்கள்.

எனினும் எல்லோருக்கும் திரைவாய்ப்பு அமையாது. பெரும்பாலோர் தம் ஊருக்கும் வேலைக்கும் திரும்பியவர்கள். சிந்தாமணியில் யாழ்ப் போட்டியில் தோற்ற அரசர்களுக்குக் காப்பியம் இன்னொரு வேலை தருகிறது. கட்டியங்காரன் தூண்ட, அவர்கள் சீவகன்மீது போருக்கு எழுகிறார்கள். அங்கும் தோற்கிறார்கள். ஆயினும் தோற்றவனின் சினத்துக்குக் கதையில் ஓர் இடம் உண்டு. தொலைக்காட்சியில் வெளியேறும் பெண்ணுக்கு ஒளிக்கருவியின் முன் சில நிமிடக் கண்ணீர். அதன் பின் விளம்பரம். அவள் சினந்தால் அது ஒளிபரப்பாகுமா என்பதும் அவள் கையில் இல்லை.

மதிப்பீடு

'எங்க வீட்டு மாப்பிள்ளை' தமிழ்ப் பெண்களைத் திருமணம் குறித்துத் திரையில் தம் குரலில் பேச வைத்தது. அதற்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். ஆனால் அக்குரலைக் கேட்டுவிட்டு முடிவு முழுவதையும் ஓர் ஆணின் கையில் விட்டது. சுயம்வரம் என்ற சொல்லுக்குத் தானே தேர்தல் என்று பொருள். நளவெண்பாவின் முதற்பகுதியான சுயம்வர காண்டத்தில், நளனைப் போலவே உருமாறி அமர்ந்த தேவர்களுக்கு நடுவே உண்மையான நளனை அடையாளம் காண்பவள் தமயந்தி. இமைப்பதும் நிலத்தில் கால் பதிவதும் மனிதரின் அடையாளம் என்று அவள் நுட்பமாகப் பார்த்துத் தேர்கிறாள். அந்தப் பார்க்கும் உரிமையைத்தான் 16 பெண்களுக்கும் இந்நிகழ்ச்சி தரவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகள் இனியும் வரும். தடை கோருவதைவிட, சில எளிய கேள்விகளைக் கேட்கும் பழக்கம் பயன் தரும். போட்டியின் விதி முதல் நாளே சொல்லப்பட்டதா? தேர்ந்தெடுப்பவருக்கும் ஏதேனும் கட்டுப்பாடு உண்டா? 'எனக்கு இவரைப் பிடிக்கவில்லை' என்று போட்டியாளர் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேற வழி உண்டா? வெளியேறியவர் தம்மைப் பற்றிக் காட்டப்பட்டது தவறென்றால் மறுத்துப் பேச இடம் உண்டா? நான்கிற்கும் 'இல்லை' என்று விடை வந்தால், அங்கு நடப்பது திருமணமும் அன்று, போட்டியும் அன்று. பதினாறு வீடுகளின் எதிர்பார்ப்பை வைத்து நடத்தப்படும் வியாபாரம் அது. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்கள், வெளியேறும் பெண்ணிடம் குறை தேடுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.